ஸாலே நதிக்கரையில் ஒரு நாள்: ஹாலே நகருக்கு முதல்முறை போகிறவர்களுக்கான வழிமுறை

தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு நடத்திய அச்சகத்துக்கு முதன்முதலில் போய்ச் சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் செய்யப்பட்டவை. பெர்லினிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி முதல் முக்கால் மணி. ஜெர்மனி போகும் தமிழர்களில் பலர் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நிச்சயம் தகும்.

படி 1: கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த ஊரின் முக்கிய அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். மோரிட்ஸ்பூர்க் கலைக்கூடம் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் புதன்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. காலை ஆராதனை நடக்கும்போது தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்கவும் விடமாட்டார்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி என்றால் கவலையில்லை. கிளம்புமுன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் திறக்கும் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: சரியான ஹாலேவுக்கு டிக்கெட் எடுங்கள்

ஜெர்மனியில் வெஸ்ட்பாலியாப் பக்கமும் ஒரு ஹாலே இருக்கிறது. அதனால்தான் ரயில் பலகைகளில் இந்த ஊரின் பெயருக்குப் பக்கத்தில் நதியின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டு 'ஹாலே (ஸாலே)' என்று எழுதுவார்கள். செயலியில் டிக்கெட் எடுக்கும்போது அந்த ஸாலே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

லைப்சிக்கிலிருந்து கூட்டமாகப் போனால் சாக்ஸனி-அன்ஹால்ட் மாநில நாள் டிக்கெட்டை விசாரியுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். பக்கத்து சாக்ஸனி, துரிங்கியா மாநிலங்களிலும் அது செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் ஏறலாம், அதிவேக ரயிலில் செல்லாது. டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டிய இடம் இருக்கும், அதைக் காலியாக விட்டால் பரிசோதகர் ஏற்கமாட்டார். தனி ஆள் என்றால் சாதாரண டிக்கெட்டே மலிவாக இருக்கலாம், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிராமிலும் கவனம் வேண்டும். காகித டிக்கெட்டில் முத்திரை குத்தச் சொல்லியிருந்தால், ஏறியவுடன் வண்டிக்குள் இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்துக் குத்துங்கள். கையில் டிக்கெட் இருந்தும் குத்தவில்லை என்றால் டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் 60 யூரோ.

படி 3: பெட்டியை நிலையத்தில் வையுங்கள்

பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெரு. சக்கரப் பெட்டியை இழுத்தால் சக்கரம்தான் போகும். ரயில் நிலைய லாக்கருக்கும் பொதுக் கழிப்பறைக்கும் சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காலையில் முதலில் பிராங்கே நிறுவனங்கள்

டிராமில் 'பிராங்கே பிளாட்ஸ்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அவுகுஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற போதகர் 1698-இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம் இங்கே பள்ளிகள், மருந்தகம், அச்சகம் என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்தது. ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இங்கிருந்து போன தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் முழுமையாக வந்தது. மறு ஆண்டு, சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 'கிராமாத்திகா தமுலிக்கா' இதே ஹாலேயில் அச்சானது. இடையில் சீகன்பால்கு ஐரோப்பா வந்த பயணத்தில் அவரோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் வந்திருந்தார்.

பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் விநோதப் பொருள் அறைக்கு நேராக ஏறுங்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். அதன் கீழே, உச்சியில் ஓவியம் தீட்டிய அலமாரிகள். ஒவ்வொன்றின் தலையில் இருக்கும் படமும் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான பெயர்ப்பலகை மாதிரி. சங்கு அலமாரிக்குச் சங்குகளாலான அலங்காரம். மொத்தம் சுமார் 3,000 பொருள்கள். விளக்கச் சீட்டுகளில் 'மலபாரிஷ்' என்று கண்டால் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து ஹாலேயில் அந்தச் சொல் தமிழைத்தான் குறித்தது. இந்த ஒன்று தெரிந்தால் பாதி அறை நமக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பழைய நூலகம். நாடக மேடையின் பக்கத்திரைகள் போலப் புத்தக அடுக்குகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கும், அதனாலேயே அதற்கு மேடைத்திரை நூலகம் என்று பெயர். நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. ஆனால் நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது. ஆய்வு நோக்கத்தை எழுதி முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

இங்கே இரண்டரை மணி நேரம் குறைந்தபட்சம்.

படி 5: நடந்தே சந்தைச் சதுக்கம்

பழைய சந்தை வழியாகப் பத்து நிமிடம். போகிற வழியில் கழுதையும் சிறுவனும் நிற்கும் நீரூற்று ஒன்று வரும். சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள்: தனியே நிற்பது 84 மீட்டர் சிவப்புக் கோபுரம், மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துடையவை. இரண்டு பழைய தேவாலயங்களை இடித்து, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது இது. மார்ட்டின் லூதரின் உடல் 1546-இல் விட்டன்பெர்க் போகும் வழியில் ஓர் இரவு இங்கே இருந்தது. இறந்த பின் அவரது முகத்தில் எடுத்த அச்சு உள்ளே இருக்கிறது. இசைமேதை ஹேண்டல் 1685-இல் பிறந்த வீடு பக்கத்திலேயே அருங்காட்சியகமாக உள்ளது.

மதிய உணவை இங்கேயே முடியுங்கள். சைவம் என்றால் 'வெகெடாரிஷ்' என்பதோடு நிறுத்தாமல் 'ஓனே ஃபிளைஷ், ஓனே ஃபிஷ்' (இறைச்சி, மீன் இல்லாமல்) என்றும் சொல்லுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்குமா என்றும் கேளுங்கள்.

படி 6: நேப்ரா வான்தட்டு

க்ரோல்விட்ஸ் பலகை போட்ட 7-ஆம் எண் டிராமில் ஏறித் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் இறங்குங்கள். மதியம் 3 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள், தாமதமானால் அவசரமாகத்தான் பார்க்க முடியும். சுமார் 32 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டு, அதில் தங்கத்தில் பிறை, வட்டம், விண்மீன்கள். மண்ணில் புதைக்கப்பட்டு ஏறக்குறைய 3,600 ஆண்டுகள். 1999-இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் கிடைத்து, 2002-இல் பாசல் நகரில் மீட்கப்பட்டது. இருட்டறையில் வைத்திருக்கிறார்கள், கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஏழு விண்மீன்கள் ஒன்றாகக் குவிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள், அது நம் கார்த்திகை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சில சமயம் இதை வேறு ஊர்க் கண்காட்சிக்கு அனுப்பிவிடுவார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள்.

படி 7: மாலையில் நதி

அதே டிராமில் மேலே போனால் கீபிஹென்ஸ்டைன் கோட்டை. மேல்கோட்டை இடிபாடுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். கீழ்க்கோட்டையில் கலைக் கல்லூரி நடக்கிறது. பக்கத்துப் பாலத்தில் ஒரு குதிரையும் ஒரு பசுவும் சிலைகளாக நிற்கும்: குதிரை நகரத்துக்கு, பசு நாட்டுப்புறத்துக்கு. பிறகு கரையோரமாகப் பைஸ்நிட்ஸ் தீவுப் பக்கம் நடக்கலாம். சைக்கிள் பாதையில் நிற்காதீர்கள், பின்னால் வருபவர்கள் வேகமாக வருவார்கள். ஜூனில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் 4 மணிக்கே மங்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் 6-ஆம் படியையும் 7-ஆம் படியையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஹாலோரன் சாக்லேட் உருண்டை. இந்த ஊரில் உப்புக் காய்ச்சியவர்களின் சட்டைப் பொத்தான் வடிவம் அது. கோடையில் வாங்கினால் உருகிவிடும், ரயிலேறும் முன் கடைசியாக வாங்குங்கள்.