எம்சிஎஃப்-7 செல்லுக்கு எஸ்ட்ராடியால் போட்டும் வித்தியாசம் தெரியலையா? முதல்ல மீடியா கலரைப் பாருங்க

எம்சிஎஃப்-7ங்கறது மார்பகப் புற்றுநோய்ல இருந்து வந்த, ஈஸ்ட்ரோஜன் கிடைச்சா நல்லா வளர்ற செல்; எஸ்ட்ராடியால் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன். போன வாரம் லேப்ல புதுசா சேர்ந்த பொண்ணு பிளேட்டோட வந்து "அக்கா, எஸ்ட்ராடியால் போட்டாலும் போடலைன்னாலும் ஒரே மாதிரி வளருது"ன்னு நின்னா. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு, மீடியா (செல் வளர்ற திரவம்) ரோஸ் கலர்ல இருந்துச்சு. பல வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரிதான் நின்னேன். கையுறை போடு, லேபிள் எழுதுன்னெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல.

ஃபீனால் ரெட், சாதா சீரம்

அந்த ரோஸ் கலர் ஃபீனால் ரெட், அமிலத்தன்மை காட்டத்தான் போடுறாங்க, ஆனா அது எம்சிஎஃப்-7 செல்லுல ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும்னு 1986லயே காட்டிட்டாங்க, சாயத்தோட ஒட்டிக்கிட்டு வர்ற கசடுதான் அதுக்குக் காரணம்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. இது போதாதுன்னு மீடியால சேர்க்கற சாதா சீரத்துலயும் (ரத்தத்துல இருந்து எடுக்கறது) ஈஸ்ட்ரோஜன் இருக்கு. எஸ்ட்ராடியால் போடாம ஒப்பிட வச்சிருக்கற உங்க கண்ட்ரோல் ஏற்கனவே வயிறு நிறைய சாப்பிட்டு உக்காந்திருக்கு, அதுக்கு மேல 10 நானோமோலார் எஸ்ட்ராடியால் ஊத்தினா என்ன தெரியும்?

நான் ஏமாந்தது இதைவிட மோசம். எஸ்ட்ராடியாலே போடாத பிளேட் குழில ஆன்டி ஈஸ்ட்ரோஜன் மருந்து போட்டேன், வளர்ச்சி நல்லா குறைஞ்சுது, உடனே மருந்து ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரை (செல்லுல ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டற புரதம்) விட்டு வேற வழில வேலை செய்யுதுன்னு எழுதி வச்சுட்டேன். மீடியால ஒளிஞ்சிருந்த ஈஸ்ட்ரோஜனைத்தான் அது தடுத்திருக்கு. நாலு மாச வேலை குப்பைக்குப் போச்சு, இப்ப நினைச்சாலும் எரிச்சலா வருது, ஏன்னா இதை எனக்கு யாருமே சொல்லல.

ஃபீனால் ரெட் இல்லாத மீடியா, சார்கோல் ஸ்ட்ரிப்டு சீரம் (கரியால ஹார்மோனை நீக்கினது), ரெண்டும் வேணும், ஒண்ணை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க. செல்லைக் கழுவிட்டு 3 நாள் அதுலயே வைங்க, நடுவுல மீடியா மாத்துங்க. செல் மெதுவாதான் வளரும், பயந்து பழைய சீரத்தைத் திரும்ப ஊத்திடாதீங்க. சரியா வந்திருக்கான்னு பாக்க, எஸ்ட்ராடியால் போட்டதும் புரோஜெஸ்டிரோன் ரிசப்டர் ஏறணும், கூடவே ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைத் தடுக்கற ஃபுல்வெஸ்ட்ரான்ட் மருந்து போட்டா அது இறங்கணும். ரெண்டும் நடந்தாதான் அடுத்த வேலை.

டமாக்சிஃபெனை அப்படியே போடறது

டமாக்சிஃபெனும் ஆன்டி ஈஸ்ட்ரோஜன் மருந்துதான், ஆனா உடம்புல கல்லீரல்தான் அதை வீரியமான வடிவத்துக்கு மாத்துது. பிளேட்ல கல்லீரல் இல்ல, 4-ஹைட்ராக்ஸி டமாக்சிஃபென் வாங்குங்க.

பாலிகார்பனேட் ஃபிளாஸ்க்கை ஆட்டோகிளேவ் பண்றது

நீராவிச் சூட்டுல அந்தப் பிளாஸ்டிக்ல இருந்து பிஸ்ஃபீனால் ஏங்கற ரசாயனம் கசியும், அதுவும் ஈஸ்ட்ரோஜன் வேலை பாக்கும். கண்ணாடி போதும்.

எத்தனால்

எஸ்ட்ராடியாலைக் கரைக்கற எத்தனாலை கண்ட்ரோலுக்கும் அதே அளவு ஊத்துங்க.

ஈஸ்ட்ரோஜன் பட்டினியை மாசக்கணக்குல நீட்டறது

ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வளர செல் பழகிடும். உடம்புல ஈஸ்ட்ரோஜன் உருவாகறதைத் தடுக்கற அரோமடேஸ் இன்ஹிபிட்டர் மருந்துக்கு கேன்சர் ஏன் அடங்காம போகுதுன்னு படிக்கறவங்க இதை வேணும்னே செய்வாங்க, நீங்க தெரியாம செஞ்சா கையில இருக்கறது வேற செல்.

அந்தப் பொண்ணு நேத்து மீடியாவை மாத்திட்டா, வெள்ளிக்கிழமை எண்ணிப் பாக்கணும்.