மரப்புகையிலையைப் பிடுங்குவதற்கு முன்

ஹவாய்த் தீவுகளில் காலி மனையைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர் கண்ணில் சட்டென்று படும் களை மரப்புகையிலை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. சாம்பல் படர்ந்த பச்சை இலை, மஞ்சள் குழல் பூ, கால்நடைக்கு நஞ்சு. பிடுங்கி எறிய எல்லாக் காரணமும் உண்டு. ஆனாலும் பார்க்காமல் பிடுங்குவதுதான் முதல் தவறு.

அதன் இலையில் பிளாக்பர்ன் பருந்து அந்துப்பூச்சியின் புழு இருக்கலாம். இறக்கை விரித்தால் 12 சென்டிமீட்டர் வரை வரும் பூச்சி இது. ஹவாயின் பூர்வீகப் பூச்சிகளில் இதைவிடப் பெரியது கிடையாது. 1970களில் இது அழிந்தே போயிற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1984இல் மாவி தீவில் மறுபடி தென்பட்டது. 2000இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஹவாய்ப் பூச்சி இதுதான்.

இதன் புழு கத்தரிக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். காலங்காலமாக அது நம்பியிருந்தது ‘ஐஏஆ’ என்ற மரத்தை. அதுவும் ஹவாயில் மட்டுமே வளர்வது. மாடும் ஆடும் கன்றுகளை மேய்ந்தன, தீ மிச்சத்தைத் தின்றது, வறண்ட காடுகள் சுருங்கின, ஐஏஆவும் அரிதாகிவிட்டது. அதே குடும்பத்து மரப்புகையிலையில் தாய்ப்பூச்சி முட்டையிட ஆரம்பித்தது இப்படித்தான். வந்தேறிக் களையே இன்று ஒரு பூர்வீகப் பூச்சிக்குச் சோறு போடுகிறது. பூச்சியைக் காப்பவர்களுக்கே இது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

சரி, இலையைப் புரட்டிப் பார்த்தாயிற்று, புழு இல்லை. வெட்டலாமா? பலரும் சறுக்குவது இங்கேதான். வளர்ந்த புழு செடியில் தங்குவதில்லை. இறங்கிப்போய் மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. அங்கே ஒரு வருடம்கூட அசையாமல் கிடக்கும், சில சமயம் அதற்கு மேலும். செடியைத் தொடாமல் சுற்றிலும் மண்ணைப் புரட்டினாலும் சேதம் சேதம்தான். வறண்ட மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதும் செல்லாது. மழை பெய்து சில வாரம் கழித்து, செடிகள் தழைத்திருக்கும்போது தேட வேண்டும். முட்டை, புழு, கடித்த தண்டு, எச்சம் எல்லாமே தடயம். மூன்று அடிக்கு மேல் வளர்ந்த மரப்புகையிலை என்றால் விவரம் தெரிந்த உயிரியலாளர் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வேலை நடக்கப்போகும் இடத்தில் அதை அவ்வளவு உயரம் வளர விடாமல், சிறு கன்றாக இருக்கும்போதே அகற்றிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

‘அப்படியானால் களையையே வளர்த்துவிடலாமே’ என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. மரப்புகையிலை புறம்போக்கில் தானாக முளைத்து, தானாகவே போய்விடும் செடி. வறட்சியில் அதை நம்ப முடியாது. நட வேண்டியது ஐஏஆ. வேலி போட்டு நட வேண்டும்; ஆடும் மானும் புகுந்தால் கன்று மிஞ்சாது.

புழுவுக்கு மட்டும் பந்தி விரித்துவிட்டுத் தாய்ப்பூச்சியை மறப்பதும் நடக்கிறது. இறக்கை முளைத்த பின் அது குடிப்பது தேன், அதற்கு வேறு பூக்கள் வேண்டும். மாலையில் விரிந்து மறுநாள் காலையில் வாடும் மையாபிலோ என்ற ஹவாய்ப் புதரின் வெள்ளைப் பூ அதற்கு ஏற்றது. கடற்கரை அடும்பும் கொடிவேலியும்கூட உதவும்.

அப்புறம் தக்காளிப் பாத்தி. வால் பக்கம் கொம்பு வைத்த பெரிய புழுவைக் கண்டால் நசுக்கத்தான் கை போகும். பிளாக்பர்ன் பூச்சியின் புழு தக்காளியையும் கத்தரியையும்கூடத் தின்னும். பச்சையோ சாம்பலோ, முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி தெளித்து, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஓடினால் நிறுத்திக்கொள்ளுங்கள். முதிர்ந்த பூச்சியின் வயிற்றில் இரு பக்கமும் வரிசையாக ஐந்து ஆரஞ்சுப் பொட்டுகள் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு படம் எடுத்து வனவிலங்குத் துறைக்கு அனுப்பிவிட்டு, புழுவை இருந்த இலையிலேயே விட்டுவிடுங்கள். பாதுகாப்பாக வளர்க்கிறேன் என்று டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் சட்டப்படி குற்றம்.