ட்ரெய்னிங் இல்லாம படிப்பிக்க வந்தவங்க கம்ப்யூட்டர் தகுதி எடுக்கிறது எப்படி

தோட்டப் பள்ளிக்கூடத்துல தொண்டர் ஆசிரியரா, முன்பள்ளி டீச்சரா, லயத்துலயே டியூஷன் குடுத்துன்னு படிப்பிக்க வந்தவங்க நம்ம மலையகத்துல நிறைய பேர் இருக்காங்க, ஆனா இன்டர்வியூக்குப் போனா கம்ப்யூட்டர் சேர்டிபிகட் எங்கன்னு கேட்டுடுறாங்க. அதுக்காக உடனே காசு கட்டி ஏதோ ஒரு கோர்ஸ்ல சேர்ந்துடாதீங்க. என்விக்யூ (அரசாங்கத்தோட தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) கேட்குறாங்களா, ஐசிடிஎல் (சர்வதேச கம்ப்யூட்டர் தேர்ச்சிச் சான்றிதழ்) போதுமான்னு விண்ணப்பத்தை ஒரு தடவை நல்லா வாசிங்க.

அதுக்கு முன்னால தமிழ் டைப்பிங் பழகுங்க, அதுவும் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்லயே. நான் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ராத்திரி முழுக்க உக்காந்து பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட்ல ஒரு வினாத்தாள் அடிச்சேன், காலையில ஹட்டன் டவுன்ல ஒரு கம்யூனிகேஷன் கடையில பிரின்ட் எடுக்க பென் ட்ரைவைக் குடுத்தா அங்க அந்த ஃபொன்ட் இல்ல, அம்மான்னு அடிச்சது எம், கே, செமிகோலன், கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தா வந்து நிக்குது, பிள்ளைங்க பேப்பருக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. யூனிகோட்ல அடிச்சா போன்லயும் வட்சப்லயும் அப்படியே தெரியும். பழைய பாமினி ஃபைல் இருந்தா தூக்கிப் போடாதீங்க, மாத்திக் குடுக்கிற கன்வேட்டர் இணையத்துல சும்மாவே இருக்கு.

அப்புறம் எக்செல். உங்க வகுப்பு மார்க்ஸையே போட்டு கூட்டுத்தொகை, சராசரி எடுத்துப் பழகுங்க, புத்தகத்துல இருக்கிற உதாரணத்தை விட அது மனசுல நிக்கும். கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ இணையத்தளத்துல தமிழ்ல பாடங்கள் இருக்கு, மழை பெஞ்சா நம்ம பக்கம் சிக்னல் போயிடும், அதனால டவுனுக்கு வரும்போதே தேவையானதை இறக்கி வச்சுக்கங்க.

கம்ப்யூட்டர், இணையம் பத்தி ஆசிரியர்களுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு யுனெஸ்கோ 2018ல புதுப்பிச்ச சட்டகத்துல 18 திறன் சொல்லியிருக்கு, 3 படியா. மொத படி அறிவைப் பெறுறது, நமக்கு இப்ப அது போதும். அதுல பாதியை நீங்க ஏற்கனவே செஞ்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க.

கோர்ஸ் போகாம வேலையிலயே பழகினவங்களுக்கு தொழிற்பயிற்சி குடுக்கிற அரச நிறுவனமான நைட்டால ஆர்பிஎல்னு ஒரு வழி இருக்கு, முன்னாடியே கத்துக்கிட்டதை மதிப்பிட்டு என்விக்யூ குடுப்பாங்க. அதுக்கு இப்பவே ஒரு ஃபைல் போடுங்க: நீங்க அடிச்ச வினாத்தாள், மார்க்ஸ் ஷீட், பாடத்துக்குச் செஞ்ச ஸ்லைட், எல்லாத்துலயும் திகதி போட்டு, அதிபர்கிட்ட கையெழுத்தும் வாங்கி. வேற யாரோ அடிச்சுக் குடுத்ததை மட்டும் அதுல வச்சுடாதீங்க, மதிப்பிட வர்றவங்க முன்னால நீங்கதான் உக்காந்து செஞ்சு காட்டணும்.