குறைத்த எடை திரும்பி வராமல் காப்பது எப்படி?

உடல் எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த எடையை வருடக்கணக்கில் காப்பது வேறொரு வேலை. முதலாவதற்கு வழி சொல்பவர்கள் ஏராளம், இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. மூன்று மாதம் சோற்றைக் குறைத்து இளைத்த ஒருவர் அடுத்த தீபாவளிக்குள் பழைய எடைக்கே வந்துவிட்டால், அவருக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று ஊர் சொல்லிவிடுகிறது. இந்தப் பழி நியாயமற்றது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் பின்வரும் வழிமுறைகள் எதற்காகச் சொல்லப்படுகின்றன என்பது விளங்கும்.

எடை குறையத் தொடங்கியதும் உடல் அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசுவில் சுரந்து பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழிந்த பின்னரும் இச்சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோகலோரி வரை குறைவாகச் செலவிடுகிறது, பசியோ ஏறத்தாழ 100 கிலோகலோரி கூடுதலாகக் கேட்கிறது என்பது அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோலும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட கணக்கு. ஐந்து கிலோ குறைத்தவரின் பசி, முன்பைவிட ஏறக்குறைய 500 கிலோகலோரி அதிகமாகக் கேட்கும் என்பது இதன் பொருள். ஆகவே, பசியோடு படுக்க வைக்கும் எந்த உணவுமுறையும் நீடிக்காது. தெரிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்து வருடம் தொடர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை குறைப்பது தமக்குத் தேவையா என்பதையும் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 23ஐத் தாண்டும்போதே நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அது அதிகம் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் குறிப்பிட்டது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 150 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இவை முறையே ஏறத்தாழ 52, 62 கிலோ ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. மறுபுறம், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இரத்தச்சோகையோடும் போதிய எடையின்றியும் வாழும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டும் தாய்மாரும் இந்த வழிமுறைகளைப் பின்பற்றக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதால், கிளினிக் வைத்தியரிடம் முதலில் கேட்பது கட்டாயம்.

இலக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் ஏழு சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காகக் கொடுக்கப்பட்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதத்தால் குறைந்தது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்கும் குறைவு.

மலையகத்தில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் தேநீர்க் கோப்பை என்பது என் உறுதியான கருத்து. விடியற்காலைத் தேத்தண்ணீர், பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று என நாளுக்கு ஐந்து கோப்பை சாதாரணமாகவே ஆகிவிடும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஐந்து கோப்பையில் 40 முதல் 50 கிராம் சீனி, அதாவது 160 முதல் 200 கிலோகலோரி. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணீர் குடிப்பவர்களுக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரியாது. நாளாந்த உணவில் நிரந்தரமாக 24 கிலோகலோரியைக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி முதல் வருடத்தில் குறையும் என்பது 2011இல் வெளியான கணக்கு. அதன்படி, சீனியை மட்டும் நிறுத்தி, அந்த இடத்தை வேறு உணவால் நிரப்பாதிருந்தால், முதல் வருடத்திலேயே மூன்று, நான்கு கிலோ குறையலாம். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைக் கரண்டி வீதம் குறைக்கலாம், நாக்கு பழகிவிடும். நல்ல கொழுந்தின் சுவையும் அப்போதுதான் தெரிய வரும்.

அடுத்தது ரொட்டி. ஆண்டாண்டு காலமாக மலைக்குப் போய் செங்குத்தான சரிவில் நாள் முழுதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கோதுமை ரொட்டியும் சம்பலும் தாக்குப்பிடிக்கும் சாப்பாடாக இருந்தன. இன்று அவர்களின் பிள்ளைகள் ஹட்டனில் கடையிலும் கொழும்பில் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ரொட்டியின் பருமன் மட்டும் மாறவில்லை. நூறு கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கிலோகலோரி இருக்கிறது. தேங்காய்ப்பூவும் எண்ணெயும் அதற்கு மேல். ரொட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டை ஒன்றாக்கி, அந்த இடத்தில் கெட்டியான பருப்புக் கறி, அவித்த கடலை, கௌபி, முட்டை, கழுவி உப்பு நீக்கிய நெத்தலி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நெடுநேரம் நிற்பதால் பசி தணிந்திருக்கும். தட்டில் பாதி மரக்கறியாக இருக்கட்டும். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி லொறி லொறியாகக் கீழ்நாட்டுக்குப் போக, இங்குள்ள தட்டுகளில் ஒரு கரண்டிக் கறியே விழுவது எனக்குப் பெரும் வருத்தம்.

சோறா, கொழுப்பா, எதைக் குறைப்பது என்ற சண்டையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் அவதானித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். இது பொருட்படுத்தத் தக்க வேறுபாடல்ல. எது தொடர முடிகிறதோ அதுவே போதும். ஆனால் பிஸ்கட், மிக்சர், சோடா, உடனடி நூடில்ஸ் போன்ற ஆலைத் தயாரிப்புகளை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். 2019இல் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், இத்தகைய உணவு கொடுக்கப்பட்ட இரு வாரங்களில், பதப்படுத்தாத உணவு கொடுக்கப்பட்ட இரு வாரங்களைவிட அதே ஆட்கள் நாளுக்கு சுமார் 500 கிலோகலோரி அதிகமாக உண்டார்கள். சாராயத்திலுள்ள மதுசாரமும் கிராமுக்கு ஏழு கிலோகலோரி தருகிறது என்பதை ஆண்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறைவதில்லை. குறைத்த எடையைக் காப்பதில்தான் அதன் பலன் தெரிகிறது. பதினான்கு கிலோ அளவில் குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டில், பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை அசைக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வல்ல என்றாலும் நல்ல வழிகாட்டிதான். மலையகத்தில், தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதே ஏற்றம் ஏறுவதாகும். முச்சக்கரவண்டியை விட்டு அந்த ஏற்றத்தை நடக்கலாம். மழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே கதிரையில் உட்கார்ந்து எழும்புதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவற்றை வாரத்துக்கு இரு நாள் செய்தால் எடையோடு சேர்ந்து தசையும் கரைவது குறையும்.

பசியைக் குறைக்கும் செமகுளுடைட் போன்ற ஊசி மருந்துகள் பயன் தருபவைதாம். ஆனால் அவற்றை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வைத்தியரின் கண்காணிப்பில் நெடுங்காலம் எடுக்கும் மருந்தாகவே அவற்றைக் கருத வேண்டும்.

இலக்கை அடைந்ததும் அந்த எடையை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரே நாளில், காலையில், சாப்பிடுமுன் எடை பாருங்கள். வீட்டில் தராசு இல்லாதவர்கள் ஒரே நூலால் இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டு வைக்கலாம். உடலிலுள்ள நீரின் அளவுக்கேற்ப ஒரு கிலோ ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. தைப்பொங்கலோ கோயில் திருவிழாவோ முடிந்து இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால், அடுத்த மாதம் வரை காத்திராமல் அந்த வாரமே தேநீரில் சீனி மீண்டும் சேர்ந்துவிட்டதா, ரொட்டி மறுபடி இரண்டாகிவிட்டதா, நடை நின்றுவிட்டதா என்று பார்த்து, மாறியிருப்பதைத் திருத்திக்கொள்ளுங்கள்.