கூடப் படித்தவன் குரூப் 4 பாஸானால்

முதலில் போன் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் கைதட்டல் பொம்மை போட்டு ஒதுங்க வேண்டாம். வயிறு எரியத்தான் செய்யும், எரியட்டும். குரலில் தெரியாமல் இருந்தால் சரி. "இந்தத் தடவை கட்-ஆஃப் கம்மியாமே" என்று மட்டும் இழுக்காதீர்கள். எங்கள் ஊர் நூலகத்தில் இதைக் கேட்காமல் ஒரு ரிசல்ட் நாளும் போனதில்லை. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, அவனும் நம்மோடுதானே எழுதினான்?

ட்ரீட் கேட்கலாம், பரோட்டாவோடு நிறுத்துங்கள். இன்னும் சம்பளம் வரவில்லை.

அப்புறம் ஒரு வாரம் கழித்து அவன் புத்தகங்களைக் கேளுங்கள். தமிழில் மட்டும் 100 கேள்வி வருகிறதே, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் சொல்லும் பொருளும் பகுதியில் எதையெல்லாம் அடிக்கோடு போட்டிருக்கிறான், ஓரத்தில் என்ன கிறுக்கியிருக்கிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவான். அவனுக்கு இனி அது எடைக்குப் போடுகிற பேப்பர்தான்.