கிளாஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: மொரீஷியஸில் புயலுக்குத் தயாராகும் முறை

நவம்பர் பிறந்துவிட்டால் நம் தீவில் எல்லார் வாயிலும் கிளாஸ் பேச்சுதான், அதாவது வானிலை நிலையம் விடும் புயல் எச்சரிக்கை எண். கிளாஸ் 3 வரட்டும், அப்புறம் கடைக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண் புயலின் பலத்தைச் சொல்வதில்லை. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது: பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி, கிளாஸ் 1 என்றால் 36 முதல் 48 மணி நேரம், கிளாஸ் 2 என்றால் முடிந்தவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும், கிளாஸ் 3 என்றால் அதேபோல் 6 மணி நேரம், கிளாஸ் 4 என்றால் அந்தக் காற்று எங்காவது வீசத் தொடங்கிவிட்டது. மழையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 2024 ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை இழுத்துக்கொண்டு போனது வெள்ளம்தான்.

கடல் சூடாகச் சூடாக இதெல்லாம் மோசமாகிறது. புயலுக்குத் தீனி சூடான கடல்நீர். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது மழையாகக் கொட்டும். பூமி 2 டிகிரி சூடானால் புயல் காற்றின் உச்ச வேகம் சராசரியாக 5 சதவீதம் கூடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 5 தானே என்று நினைக்க வேண்டாம், சுவரில் மோதும் விசை சுமார் 10 சதவீதம் கூடிவிடும். புயல்களின் எண்ணிக்கை கூடாமலே போகலாம், குறையவும் செய்யலாம். ஆனால் வருகிறவற்றில் கடுமையானவற்றின் பங்கு அதிகமாகும். அதனால் ஒரு வருடம் புயலே வரவில்லை என்று அடுத்த வருடம் அசந்துவிடக் கூடாது.

சரி, அறிவிப்பு வந்ததும் எதைப் பார்ப்பது? முதலில் புயலின் வகை: இந்தக் கடலில் வெப்பமண்டலப் புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று ஏறும். காலையில் கேட்ட வகை இரவு அதேதான் என்று இருந்துவிடாதீர்கள், 24 மணி நேரத்தில் காற்று வேகம் மணிக்கு 55 கி.மீ. கூடிவிடுவது உண்டு. 2024 டிசம்பரில் நம் அகலேகா தீவைத் தாக்கி, பிறகு மயோட் தீவைச் சிதைத்த சிடோ புயல் அப்படி மளமளவென்று பலமானதுதான். அடுத்தது, புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது. மெதுவாக நகர்ந்தால் மழை ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். 2007இல் கமேட் புயல் பக்கத்து ரீயூனியனின் கொமெர்சோன் மலைப்பகுதியில் மூன்றே நாளில் 3,929 மி.மீ. கொட்டியது.

ஆகவே கிளாஸ் 1 வந்த உடனே வேலையைத் தொடங்குங்கள். மொட்டை மாடி வடிகால், வாசல் சாக்கடை இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். 1960இல் காரோல் புயல் மர வீடுகளையும் தகர வீடுகளையும் அழித்தபின் நம்மிடம் கான்கிரீட் வீடுகள் பெருகின. காற்றுக்கு அவை நன்றாகத் தாங்கும், ஆனால் தண்ணீர் கதவு வழியாகத்தான் வருகிறது. காரை மேட்டில் நிறுத்துங்கள். குடிநீர், மாத்திரை, டார்ச், பவர் பேங்க், ரேடியோவுக்கு பேட்டரி எல்லாம் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். தைப்பூசக் காவடி புயல் காலத்தில்தான் வருகிறது, கோயில் பந்தலை யார் கழற்றுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். தாழ்வான இடத்தில் தனியாக இருக்கும் பாட்டி, தாத்தாவை வெளிச்சம் இருக்கும்போதே உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

புயல் நடுவே திடீரென்று காற்று நின்றால் வெளியே போகாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் முன்பே அடைத்திருக்க வேண்டும்.