பிள்ளைக்குச் சாமான் வாங்குமுன் பல்கனியைப் பாருங்கள்

எங்கள் மகள் பிறந்தது ஒக்டோபர் கடைசியில். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது போதும், மிச்சம் தானாக விளங்கும். காலையில் வெயில் எரிக்கும், பின்னேரம் மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில். பல்கனியில் துணி காயப் போட நாலு கொடி. நான் கடை கடையாக ஏறி வாங்கியவற்றில் பாதி இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. முதல் மாதம் முழுக்க நான் அல்லாடியது துணிக்கும் கொடிக்கும்தான். அதனால் இந்தப் பட்டியல் கடையில் தொடங்காது, பல்கனியில் தொடங்கும்.

ஆஸ்பத்திரிப் பை பற்றி எழுதவில்லை. கிளினிக்கில் என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள், அதன்படி கட்டுங்கள்.

படி 1: நாப்பிக் கணக்கு

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நாப்பி மாற்ற வேண்டி வரும். வெயில் நாளில் காலையில் தோய்த்தது பின்னேரம் காயும். மழை நாளில் இரண்டு நாள் எடுக்கும், கடற்காற்றில் தொட்டால் ஈரம் போலவே இருக்கும். ஆக, வெயில் காலத்துக்கு இரண்டு டசின், மே மாதமோ ஒக்டோபர் நவம்பரோ என்றால் மூன்று டசின். 'ஆறு போதும்' என்று சொல்பவர் வீட்டில் தோய்ப்பது வேறு யாரோ.

தைத்த நாப்பிதான் வேண்டும் என்றில்லை. புறக்கோட்டை கெய்சர் வீதியில் மெல்லிய பருத்தித் துணி யார்க் கணக்கில் வாங்கி, சதுரமாக வெட்டி, ஓரம் அடித்தால் போதும். சனிக்கிழமை போகாதீர்கள்.

படி 2: புதுத் துணியைப் பழசாக்குங்கள்

நான் விழுந்த பள்ளம் இதுதான். எங்கள் மாமிக்குப் பிள்ளை பிறக்குமுன் சாமான் வாங்குவதே பிடிக்காது. ஒளித்து வைத்துத்தான் வாங்கினேன், பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றிரவு புது நாப்பியை அப்படியே கட்டினோம். பத்து நிமிடத்தில் விரிப்பு, மனைவியின் சேலை, என் சாரம் எல்லாம் நனைந்துவிட்டன. நாப்பியைத் தொட்டுப் பார்த்தால் ஓரம் மட்டும்தான் ஈரம், நடு உலர்ந்து கிடந்தது! வாழையிலையில் தண்ணீர் ஓடுவது போல ஒன்றுக்கு வழிந்து போயிருக்கிறது. கட்டத் தெரியவில்லை என்று நினைத்து மூன்று நாள் விதவிதமாக மடித்துப் பார்த்தேன்.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தார். உள்ளே கிழித்து மடித்த பழைய வேட்டிகள். அதில் ஒன்றைக் கட்டினோம், ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பருத்தி நூலில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகும் எண்ணெயும் இருக்கும். மொடமொடப்புக்காகப் போடும் கஞ்சி வேறு. அது போகும்வரை துணி தண்ணீரை உறிஞ்சாது. மாமாவின் வேட்டி நூறு தடவை தோய்த்து எல்லாம் போன துணி.

செய்ய வேண்டியது: புது நாப்பியைச் சுடுதண்ணீரில் நாலைந்து தடவை தோய்த்துக் காய வையுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் இன்னும் ஒரு தடவை, உடனே பரவினால் சரி. வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கி வேண்டாம், அதுவும் நூலின் மேல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். வீட்டில் முன்கூட்டி வாங்க விடமாட்டார்கள் என்றால் அக்கா வீட்டில் தோய்த்து வையுங்கள். எங்கள் மாமியே இப்போது 'துணி வேறு, சாமான் வேறு' என்று தீர்ப்பை மாற்றிவிட்டார்.

கட்டும்போது தொப்புள்கொடிக்குக் கீழே மடித்து விடுங்கள். அது காற்றுப்பட்டுக் காய்ந்தால்தான் ஒன்றிரண்டு கிழமையில் விழும்.

பம்பஸ்? இரவுக்கும் வெளியே போகவும் வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சின்ன அளவில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்காதீர்கள், பிள்ளை வளர்ந்துவிடும்.

படி 3: வலையும் கட்டிலும்

குடை போல மடியும் நுளம்பு வலைதான் என் தெரிவு, மலிவு, அறைக்கு அறை தூக்கலாம். எல்லோரும் இரவில் மட்டும் போடுகிறார்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதுவும் காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பகல் நித்திரைக்குத்தான் வலை முக்கியம். இரண்டு மாதத்துக்குள் நுளம்புக்குப் பூசும் களிம்பு வேண்டாம், சுருள் புகையும் வேண்டாம். பிள்ளை புரளத் தொடங்கியதும் இந்தக் குடை வலையை மாற்றிவிடுங்கள், இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும்.

கட்டில் வாங்கினால் கம்பிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கடைக்கு ஒரு சோடா டின்னைக் கொண்டுபோங்கள், கம்பிக்குள் அது புகுந்தால் வேண்டாம். மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும், ஓரத்தில் இரண்டு விரல் போகக் கூடாது. தலையணை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஏணை கட்டினால் விழித்திருக்கும்போது ஆட்ட மட்டும். இதில் மாமியோடு இன்னும் வழக்கு முடியவில்லை.

படி 4: வாங்காதவை

கனடாவிலிருந்து சித்தி தடித்த கம்பளி உடுப்பு ஏழு கொண்டுவந்தார். கொழும்பு வெக்கையில் ஒன்றுகூடப் போடவில்லை. கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை எட்டு போதும், முன்னால் நாடா கட்டுவது நல்லது. அதே சித்தியிடம் கேட்டால் தெரியும், பிள்ளையை உள்ளே இருத்தும் சில்லு வைத்த நடைவண்டியைக் கனடாவில் 2004இல் தடை செய்துவிட்டார்கள். இங்கே தாராளமாக விற்கிறார்கள், எடுக்காதீர்கள்.

பால் போத்தலும் அதை அவிக்கும் மெசினும் முன்கூட்டியே வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றுதான் மருத்துவமாது சொல்வார். சிரமம் வந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். பவுடரும் வேண்டாம், தூள் மூச்சுக்குள் போகும். கறுத்தப் பொட்டு கன்னத்தில் வைக்கலாம், கண்ணுக்குள் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கும்.

கட்டாயம் வாங்க வேண்டிய சின்னச் சாமான் டிஜிட்டல் வெப்பமானி. மூன்று மாதத்துக்குள் 38 பாகை காட்டினால் விடியும்வரை பார்க்காதீர்கள், டொக்டரிடம் ஓடுங்கள்.

பிறகு சேர்த்தது

கார் சீட் பற்றிப் பலர் கேட்டார்கள். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பூட்ட வேண்டும். லண்டனிலிருந்து சீட் வரவழைத்த ஒருவருக்கு அது ஐசோபிக்ஸ் கொக்கியில் (காரின் சீட்டோடு சேர்ந்தே வரும் கொக்கி) மட்டும் பூட்டுவது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய பழைய காரில் கொக்கி இல்லை. பெல்ட்டாலும் பூட்டக்கூடியதா என்று முதலே கேளுங்கள். திரீவீலரில் பெல்ட்டே இல்லை, சீட் அதில் பயன்படாது.

பல்கனியே இல்லாதவர்களுக்கு: மடிக்கும் கம்பிக் கொடி ஒன்றை ஃபேனுக்கு நேர் கீழே வையுங்கள், துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விடுங்கள். மிச்ச ஈரத்துக்கு அயர்ன். ஊக்கைக் குத்தியபடியே காயப் போடாதீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்து, ஊக்கு இருந்த இடத்தில் இரண்டு செம்புள்ளி விழும். எங்கள் வேட்டித் துண்டுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.